படி தாண்டாத பிள்ளை

பெற்ற பிள்ளையை இப்படியும் ஒருத்தி கட்டிப் போடுவாளா?

ரத்தினம் கையிலிருந்த தட்டை ணங்கென்று கீழே வைத்தாள். தொழுவத்துத் தூணில் மாட்டுக் கயிறு. அதன் மறுமுனை ஒரு பச்சைப் பிள்ளையின் இடுப்பில். பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து கயிறு இழுத்ததும் பொத்தென்று உட்கார்ந்தது. சுற்றிலும் அரிவாள்மணை, அம்மிக்குழவி, அரிக்கேன் விளக்கு என்று கண்டதும் கிடந்தது. தாய்க்காரி அதையெல்லாம் ஒதுக்கிக்கூட வைக்காமல் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

ரத்தினம் தாசில்தார் மனைவி. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் குடும்பத்தோடு ஆவுடையப்பன் வீட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். வாடகைப் பேச்சை எடுத்தாலே ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார். ஊரில் கிராம முன்சீப் வேலை காலியாக இருந்தது. அவர் மகன் கைலாசமும் வேலையில்லாமல் இருந்தான். தாசில்தார் மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுதினால் போதும். மற்றபடி எல்லாம் வெறும் அன்புதான்.

தாசில்தார் பிள்ளை இப்போதுதான் தவழ்கிறது என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், மனிதர் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டார். கிணற்றை மூடப் பலகை வந்தது. முற்றத்தைச் சுற்றி மூங்கில் தட்டி வந்தது. தூணில் பிள்ளை முட்டிக்கொள்ளுமே என்று மெத்தையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். கூராக, கனமாக, சூடாக இருந்ததெல்லாம் வீட்டை விட்டுப் போயிற்று. அதோடு விட்டாரா? பிள்ளை கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று பார்க்க வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு தாமே வீடு முழுக்கத் தவழ்ந்தார். பெரிய மனிதர் நாலு காலில் வருவதைப் பார்த்த பால்காரன் செம்பைக் கீழே போட்டுவிட்டான்.

“எசமான் பிள்ளைய ஒரு எறும்பு கடிச்சாலும் நான் உசிரோட இருக்கமாட்டேம்மா” என்றார். ரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய சொந்த மாமனார்கூட அந்தப் பிள்ளையை இப்படித் தாங்கியதில்லை.

நடைவண்டிகூட ஒன்று வாங்கி வைத்திருந்தார். புத்தம் புதுசு என்றார். ஆனால் அதன் கைப்பிடியில் குட்டிக் குட்டியாகப் பல் தடம் இருந்தது. அவள் பிள்ளைக்கோ இன்னும் பல்லே முளைக்கவில்லை.

இது என்ன என்று கேட்டதற்கு, மலைப்பக்கத்து எலிக்கு மரமென்றால் உயிர் என்று சொல்லிவிட்டார். வீட்டு ஆட்களைப் பற்றிக் கேட்டாள். எல்லாரும் இலஞ்சியில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் தொழுவத்தில் ஒரு பிள்ளை அழுகிறதே?

“அது மாடு பாக்குத பொம்பளையோட பிள்ளைம்மா. நீங்க கண்டுக்கிடாதிய” என்றார்.

இன்றைக்குக் காலையில் தாசில்தார் பிள்ளை தவழ்ந்து வாசல்படியைத் தாண்டிவிட்டது. விடுவாரா ஆவுடையப்பன்? படியில் மஞ்சள் பூசித் தேங்காய் உடைத்தார், கொழுக்கட்டை அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தார். தாசில்தார் சிரித்தபடி, கைலாசத்தை நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லும் என்றார். ஆவுடையப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ரத்தினத்துக்கும் மனசு நிறைந்திருந்தது. மாடு பார்க்கிறவள் பிள்ளையும் நாலு கொழுக்கட்டை தின்னட்டுமே என்று தட்டை எடுத்துக்கொண்டு தானே தொழுவத்துக்கு வந்தாள். வந்த இடத்தில்தான் இந்தக் கண்றாவி.

“நீ தாயா, பேயா?” என்றாள் ரத்தினம். “அந்தப் பெரியவர் யாரோ பெத்த பிள்ளைக்காகத் தூணுக்கெல்லாம் மெத்தை கட்டறார். நீ பெத்த பிள்ளையைத் தூணோட கட்டறே. அவர்கிட்டேயிருந்து கொஞ்சமாவது கத்துக்கோ.”

அந்தப் பெண் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் முறத்தை எடுத்தாள். திமிரைப் பார் என்று ரத்தினத்துக்கு இன்னும் கோபம் வந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அங்கேயே நின்று எடுத்துச் சொன்னாள்.

சத்தம் கேட்டு ஆவுடையப்பன் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கைக்கு வந்த வேலை வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

ரத்தினம் சும்மா விடவில்லை. உங்கள் இடத்தில் இப்படி ஓர் அநியாயம் நடக்கலாமா என்று அவரையே நியாயம் கேட்டாள்.

“ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு?” என்று பாய்ந்தார் அவர். “பச்சப்பிள்ளைய மாட்டக் கட்டுத மாதிரி கட்டி வச்சிருக்கே. ஈவு எரக்கம் வேண்டாம்? அவுத்து விடு மொதல்ல.”

அவர் குரலைக் கேட்டதும் பிள்ளை துள்ளியது. இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்து, தூக்கச் சொல்லி அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. ஆவுடையப்பன் மழை வருமா என்று மலையைப் பார்த்தார்.

அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு முடிச்சில் கை வைத்தாள்.

“நீங்க போட்ட முடிச்சு, சொன்னா அவுத்துவிடுதேன் மாமா” என்றாள். “ஆனா விட்டா, உங்க பேரன் நேரா அந்தப் படியத்தான் தாண்டுவான். அவனுக்குத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதான. தாண்டட்டுமா?”