ஓரத்தில் ஒரு சிவப்புப் பென்சில்

“இந்தச் சிவப்புப் பென்சில் யாரோடதுங்கம்மா?” என்று கேட்டார் சிரியாகோ.

மாட்ரிட் நகரைத் தன் படை காத்து நின்ற கதையை எழுதி முடித்துவிட்டுத்தான் ஜெனரல் அரியாஸா கண்ணை மூடியிருந்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பு ஜெனரலின் புத்தகத்தை நாட்டுக்குள் யார் அச்சடிப்பார்கள்? மெக்சிகோவுக்குக் கொண்டுபோகச் சொல்லி, அவருடைய பழைய உதவி அதிகாரி சிரியாகோவைத்தான் விதவை எங்க்ராசியா கூப்பிட்டிருந்தார்.

பெருமையாகத்தான் வந்தார் மனிதர். தாள்கட்டைப் பிரித்ததும் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ‘தாக்க வந்தவர்கள் எட்டாயிரம் அல்ல, ஐயாயிரம்.’ ‘பீரங்கி முழங்கியது ஆறுக்கு அல்ல, ஏழுக்கு.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஜெனரல் மையால் ‘சரி’ போட்டிருந்தார்.

சிரியாகோவுக்கு வயிறு எரிந்தது. போர் நடந்த மூன்று வருடமும் ஜெனரலை விட்டு நகராமல் இருந்தவர் அவர். அவரிடம் ஒரு தாளைக்கூடக் காட்டவில்லை. இது படையில் கூட இருந்த அந்த லியாண்ட்ரோவின் வேலையாகத்தான் இருக்கும். அன்றைக்கே ஜெனரலின் காதைக் கடித்துக்கொண்டு திரிந்தவன்.

லியாண்ட்ரோவா என்று கேட்டதற்கு எங்க்ராசியா நேராகப் பதில் சொல்லவில்லை. தாள்களைக் கேக் பெட்டியில் வைத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த மனிதரின் மனைவியிடம் கொடுப்பாராம். அடுத்த ஞாயிறு அதே பெட்டியில் திரும்பி வருமாம். ஆண்கள் இருவரும் சந்தித்துப் பேசினால் இருவருக்குமே ஆபத்து என்றார்.

“‘அந்த நாள்ல அவர் அளவுக்கு என்னைக் கவனிச்சவங்க யாருமே இல்லை’ன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு.”

அதுதான் சிரியாகோவைக் குத்தியது. “அப்போ நான் யாரும்மா? காபி கொண்டுவந்து கொடுத்தவனா?”

பையிலிருந்து ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்பு மொத்தத்தையும் அழித்தால்தான் கட்டைத் தொடுவேன் என்றார்.

“தாராளமா அழிங்க. கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சிட்டு அழிங்க.”

வெடுக்கென்று புரட்டினார். ‘அன்று மாலை ஆற்றுப் பாலத்தில் எங்களிடம் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை’ என்று முடித்திருந்தார் ஜெனரல்.

அதற்குக் கீழே சிவப்பில் இருந்தது: ‘அடப்பாவி, இது தெரிந்திருந்தால் அன்று ராத்திரியே என் படையோடு மாட்ரிட்டுக்குள் நுழைந்திருப்பேனே.’