ஐந்தாவது சீட்டு

ஜெபப் பெட்டியைத் திறந்த போதகர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஐந்து சீட்டுகள். நான்கு வழக்கமானவை. வேலை கிடைக்க வேண்டும், முழங்கால் வலி தீர வேண்டும், மகனுக்குப் பெண் அமைய வேண்டும், மகள் பரீட்சையில் தேற வேண்டும்.

ஐந்தாவதில்தான் வினை.

"ஆண்டவரே, எங்கள் போதகருக்கு இங்கே இன்னும் மூன்று வருஷம் கிடைக்கக் கூடாது. தயவுசெய்து."

பெயர் இல்லை. எழுத்துகள் குட்டையும் நெட்டையுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

'ஆள் தெரியக் கூடாதுன்னு கையெழுத்தை மாத்தி எழுதியிருக்கான், பாவி!'

பாவி என்பது அவர் தொழிலில் தினமும் புழங்குகிற வார்த்தைதான். ஆனால் இந்தத் தொனியில் அல்ல.

அதுவும் இன்றைக்கா? ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடுகிறது. மிஷன் அவரை இந்த நாட்டுக்கு அனுப்பி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் விசா முடிகிறது. 'இவரே எங்களுக்கு வேண்டும்' என்று கமிட்டி கடிதம் கொடுத்தால் இன்னும் மூன்று வருஷம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

எழுதியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. செயலாளர்தான். சபையில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். பிரசங்கம் இருபத்தைந்தாவது நிமிடத்தைத் தொட்டதும் முதல் வரிசையில் அவர் மணிக்கட்டு மூக்குவரை உயரும்.

அறைக் கதவு திறந்தது. சாட்சாத் கடிகாரமே!

"பாஸ்டர், பெட்டியைத் திறந்தாச்சா? எத்தனை சீட்டு?"

போதகரின் கை அங்கிக்குள் போய் ஒளிந்தது. "நா... நாலு."

"பாஸ்டரம்மாவுக்குக் கை எப்படி இருக்கு? கட்டு எப்பப் பிரிக்கிறாங்க?"

அது போதகருக்கே தெரியாது. "சீக்கிரமே பிரிச்சிடுவாங்க" என்று சமாளித்தார்.

'பேச்சை எப்படி மாத்துறான் பாரு.'

அந்தப் பெட்டியை வைத்தது யார்? அவரேதான். வந்த முதல் வாரமே மேடையில் முழங்கியிருந்தார்: "இதுல எது விழுந்தாலும் விழுந்தபடியே வாசிப்பேன். ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வீட்டுல சொன்னா கேக்க ஆள் இல்லைன்னு வருத்தப்படுறவங்க எழுதிப் போடுங்க."

மூன்று வருஷமாக அந்தச் சொல் தவறியதில்லை. இன்று தவறியது.

வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹால் நிரம்பியிருந்தது. நான்கு சீட்டுகளை வாசித்தார். ஐந்தாவது அங்கிக்குள் நெருப்பாய்ச் சுட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த மனைவி தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். தன் குரல் நடுங்கியதைக் கவனித்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைய பிரசங்கம் தைரியத்தைப் பற்றி. வியர்க்க வியர்க்கப் பேசி இருபதாவது நிமிடத்திலேயே முடித்துவிட்டார். கடிகாரம் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கமிட்டி பக்கத்து வகுப்பறையில் கூடியது. ஏழு பெரியவர்கள், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில். மனைவி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போதகர் மட்டும் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உள்ளே சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. கடிகாரம் வெளியே வந்தார்.

"பாஸ்டர், ஏழு பேரும் கை தூக்கிட்டாங்க. முதல் கை என்னுது!"

"உங்களுதா?"

"பின்னே? எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ மூணு நாள் கூடவே இருந்தீங்களே, மறக்க முடியுமா? எந்த வீட்டைக் கேட்டாலும், 'கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றார்'னுதான் சொல்றாங்க. ஏன், அம்மா படியில விழுந்து கையை முறிச்சுக்கிட்ட அன்னிக்குக்கூட நீங்க எங்க மச்சான் வீட்டு ஜெபத்தை முடிச்சிட்டுத்தானே போனீங்க!"

போதகருக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கன்னா, கடிதத்தை இப்பவே மிஷனுக்கு அனுப்பிடுவேன்."

"அவ என்ன சொல்லப் போறா? அனுப்பிடுங்க."

பஸ்ஸில் போகும்போது மறுபடி அரிக்க ஆரம்பித்தது. கடிகாரம் இல்லையென்றால் யார்? சபையின் நாற்பத்து மூன்று குடும்பங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவர் போகாத வீடு இல்லை, கேட்காத குறை இல்லை. யாருக்கு என்ன குறை வைத்தோம்?

வீட்டில் மனைவி சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருஷம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது! ஏழு பேரும் ஒரே மனசா கை தூக்கிட்டாங்க. கடிதம்கூடப் போயிடுச்சு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இன்னிக்கு நாலு சீட்டுதான் வாசிச்சீங்க."

"நாலுதான் இருந்துச்சு."

"அஞ்சு இருந்துச்சு."

போதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

மாவுக்கட்டுப் போட்ட வலது கையை அவள் மெதுவாகத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"இடது கையால அந்த ரெண்டு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆச்சுங்க."