கிளட்ச் பிடிக்கத் தெரியாதவன்

முற்றத்தில் கண்ணாடிக்காரர் மறுபடியும் பைக்கை உதைத்துக் கிளப்பி, கியரைப் போட்டார். கிளட்சைப் பிடித்திருந்தும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்த குச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேருக்கேற்ற மாதிரி குச்சி ஒல்லிப்பிச்சான், வாய் மட்டும் ஊருக்கே கேட்கும்.

"யோவ், உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?"

"உன் வேலையைப் பாருடா."

"ரொம்ப நாளா மழையில நின்ன வண்டிய்யா. உள்ள கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு. அது தெரியாம உதைக்கிறியே!"

"பெரிய மெக்கானிக்கு! வாயை மூடு."

கண்ணாடிக்காரர் வேண்டுமென்றே இன்னொரு தடவை உதைத்து கியரைப் போட்டார். வண்டி துள்ளிப்போய்ச் சுவரில் முட்டியது. குச்சி கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"அடப்பாவி, கொல்றியேடா அதை! இன்ஜினை ஆஃப் பண்ணு. ரெண்டாவது கியரைப் போடு. கிளட்சை விடாம பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் ஆட்டு!"

முறைத்துக்கொண்டே ஆட்டினார். 'டக்'கென்று சத்தம் வந்தது. சக்கரம் சுலபமாக உருண்டது.

"பார்த்தியா? போன மழைக்கும் இதேதான் பண்ணுச்சு. நான்தான் ஆட்டி ஆட்டி சரி பண்ணேன். வண்டி வெச்சிருந்தா மட்டும் போதுமா?"

மேசையருகே டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முற்றத்துல நிக்கிற சாரோட வண்டி திருட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சு. நீ இந்த வண்டியைக் கண்ணாலகூடப் பார்த்ததில்லைன்னு காலையிலேருந்து சத்தியம் பண்ணிக்கிட்டிருந்தே?"

லாக்கப் கம்பிக்குப் பின்னால் குச்சி அப்போதுதான் வாயை மூடினான்.