விரல் வாசம்

நாச்சிமுத்து வீட்டுப்படி ஏறியதும், மனைவி கண்ணாத்தாள் வழக்கம்போல அவருடைய வலக்கையைப் பற்றி விரல்களை முகர்ந்தாள்.

"சோப்பு வாசம்! செவ்வாய்ப்பேட்டையில பரோட்டாவுங்களா?"

"இல்ல கண்ணு, லாரி கிரீசு. அதான் கழுவினேன்."

"கோதுமை, மைதா, ரவை எதையுந் தொடமாட்டேன்னு மாரியாத்தா முன்னால சத்தியம் பண்ணுனீங்களே?"

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, மானம் போயிரும்."

மாலையில் இருவரும் டாக்டர் முன் அமர்ந்தனர். குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் செய்த சோதனையின் முடிவை அவர் படிக்கப் படிக்க, நாச்சிமுத்துவுக்கு வியர்த்தது.

"குடல் நல்லா ஆறிடுச்சு. ஆனா ஆயுசுக்கும் கோதுமை கூடாது" என்ற டாக்டர், கண்ணாத்தாளை நோக்கிப் புன்னகைத்தார். "களியும் சோறுமாவே உங்க உடம்பத் தேத்திட்டீங்கம்மா. பரோட்டா ஆசை வரலையா?"

"வராம இருக்குமுங்களா? எனக்குத் துணையா இவரும் விட்டுடறேன்னாரு. நல்லவேளை, விடல."

"நல்லவேளையா?"

"அந்த வாசத்துக்குத்தானுங்க தினமும் இவரு விரலை மோந்து பாக்கறேன்."

பிறகு அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நாளையிலிருந்து சோப்புப் போடாம வாங்க."