வேலியோரத்துக் கிழங்கு

வேலிப்படலைத் திறந்ததும் பேயாண்டியின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் குழிதான்.

செங்காந்தள் கொடி பூவும் மொட்டுமாகத் தரையில் கிடந்தது. அடியில் இருந்த கிழங்கைக் காணவில்லை.

குழிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான்.

சாதியோடு குற்றவாளி என்று வெள்ளைக்காரன் கைரேகை வாங்கிய ரேகைச் சட்டம் இருந்த காலம். உசிலம்பட்டிப் பக்கத்து ஆண்கள் பொழுது சாய்ந்தால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். விடிந்துதான் விடுவார்கள். ராத்திரி வீட்டில் எது நடந்தாலும் காலையில்தான் தெரியும்.

அந்தச் செடி மூத்த பெண்டாட்டி ராமக்காள் வளர்த்தது. கோடையில் கொடி காய்ந்து சருகாகிவிடும். தொலைந்தது சனியன் என்று இவன் நினைப்பான். மழை விழுந்ததும் மண்ணைக் கீறிக்கொண்டு மூக்கை நீட்டும். அரிசி கழுவிய தண்ணீர் அதற்குத்தான். பற்றி ஏற விளாறு நட்டு, அடியில் சாம்பல் போட்டு, பிள்ளை மாதிரி பார்த்தாள். விஷக்கிழங்கு, குடும்பத்துக்கு ஆகாது, பிடுங்கி எறி என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை என்று போன வருஷம் செல்லத்தாயைக் கட்டிக்கொண்டு வந்தான். ரெண்டு பெண்டாட்டிக்காரனுக்குக் கொண்டை எதற்கு என்று ஊரே கேலி பேசியது. ராமக்காள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவனுக்குப் பயம்.

அம்மியைப் பார்த்தான். கிழங்கு அரைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

உள்ளறையில் இளையவள் முனகுவது கேட்டது. நிறைசூலி. சாயங்காலம் அவன் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். வலி எடுக்க இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பாவி, வயிற்றுப் பிள்ளையோடு அவளைத் தீர்த்துவிட்டாளே என்று பதறிப் போனான். கதவு தாழிட்டிருந்தது. தோளால் ஒரே இடி.

செல்லத்தாய் பாயில் கண்மூடிக் கிடந்தாள். பக்கத்தில் ராமக்காள், கையில் காலிச் சட்டி.

"அடியே, அவளுக்கு என்னத்தக் குடுத்த?" என்று ராமக்காளின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

மூலையில் முறத்தில் கிடந்த ஒன்று வீறிட்டு அழுதது.

"ஆம்பளைக்கு இங்க என்னப்பா சோலி?" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து மருத்துவச்சி. "ராவெல்லாம் இறங்காத பிள்ளை. இவ கிழங்க அரைச்சு உள்ளங்கால்ல தடவுன பெறகுதான் ரெண்டு உசுரும் தப்புச்சு."

செல்லத்தாய் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது பேயாண்டிக்கு. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் பேர் சொல்லிக் கும்பிட்டான். சிரித்தான், அழுதான், மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டான். இத்தனை சந்தோஷத்தை அவன் ஆயுசில் கண்டதில்லை.

ராமக்காள் ஈரத்துணியால் இளையவளின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்த கையோடு அந்த விழுதைப் பொட்டு இல்லாமல் எடுத்துவிட வேண்டும். அவள் மணிக்கட்டு சிவந்து கன்றியிருந்தது.

"இம்புட்டு வருசமும் இதுக்காகவா வளத்த?" என்று கேட்டான்.

"கல்யாணத்தன்னைக்கு எங்க ஆத்தா மடியில கட்டிவிட்ட கிழங்கு," என்றாள் அவள், துணியைப் பிழிந்தபடி. "எம் பேறுகாலத்துக்கு ஆகும்னு."