முப்பத்தோராம் நாள்

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹுமேரா நிற்பதைப் பார்த்தார் அங்கப்பன். நாலாவது தடவையாக வந்திருக்கிறாள். கையில் அதே தடித்த ஃபைல், இடுப்பில் நாலு வயது மகள் இல்மா.

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள், முக்கியமான காரியம் இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள் என்பது அங்கப்பனுக்குத் தெரியும். முஸ்லிம்கள் நிறைய இருக்கும் உக்கடத்தில் அவருக்கு அத்தனை சிநேகிதர்கள். அப்படிப்பட்டவள் ஒரே மாதத்தில் நாலு தடவை விமான நிலையத்துப் படியேறுகிறாள் என்றால், பின்னால் ஒரு வக்கீல் இல்லாமலா இருப்பார்?

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் கணவன் ஷாநவாஸ் கடைசியாக வேலை பார்த்த நாளில் கன்ட்ரோல் டவரில் பதிவான பேச்சு.

விமானிகளோடு பேசுவது, இன்டர்காமில் பேசுவது எல்லாமே அங்கே பதிவாகும். முப்பது நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் யாரும் எடுத்து வைக்கச் சொல்லாவிட்டால், முப்பத்தோராம் நாள் அது தானாகவே அழிந்துவிடும். எடுத்து வைக்கச் சொல்லும் அதிகாரம் டவர் பொறுப்பாளரான அங்கப்பனுக்கு உண்டு. ஒரு கையெழுத்துப் போதும்.

அந்த ஒரு கையெழுத்தைத்தான் அவர் போடவில்லை.

ஏன் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். டவரில் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து மைக் முன்னால் உட்கார வைக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. ஷாநவாஸ் நாலு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நடுவில் இன்டர்காமில் கூப்பிட்டு, "கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருதுங்க சார், யாரையாச்சும் மாத்தி உடுங்க" என்று கெஞ்சினார். "இன்னொரு மணி நேரம் சமாளிச்சுப்போடு கண்ணு" என்று சொன்னவர் இதே அங்கப்பன்தான்.

எல்லா விமானங்களையும் பத்திரமாக இறக்கிவிட்டு, பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினார் ஷாநவாஸ். பட்டப்பகலில், அவினாசி சாலையில் ஓரமாக நின்றிருந்த லாரியில் போய் மோதினார்.

அங்கப்பனுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். அந்த இரண்டு வாக்கியம் வெளியே வந்தால் முப்பத்தைந்து வருடத்துப் பெயரும் போயிற்று.

ஆகவே அவள் முதல் தடவை வந்தபோது விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழ் இல்லை என்றார். இரண்டாம் தடவை, சென்னை மேலதிகாரிகளுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார், எழுதவில்லை. மூன்றாம் தடவை காலண்டரைப் பார்த்துவிட்டு இன்றைய தேதியைச் சொல்லி அனுப்பினார்.

எதற்கு என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. விண்ணப்பத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

"வாங்க அம்மணி, உக்காருங்க."

இல்மா தரையில் உட்கார்ந்து, மேஜையிலிருந்து விழுந்து கிடந்த ரப்பர் பேண்டுகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து மும்பை விமானம் மேலே கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. ஹுமேரா காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கவனமெல்லாம் ரப்பர் பேண்டில்தான்.

சத்தம் ஓய்ந்ததும் ஹுமேரா கேட்டாள். "அந்த ரெக்கார்டிங் என்னாச்சுங்க சார்?"

"அதுதானுங்க அம்மணி..." அங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முப்பது நாள் நேத்தோட முடிஞ்சுபோச்சு. சிஸ்டம் தானா அழிச்சுப்போட்டுதுங்க. எங்க கையில ஒண்ணும் இல்லீங்க."

கத்துவாள், வக்கீல் பெயரைச் சொல்லி மிரட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சண்டை போடவில்லை.

"கொஞ்சங்கூட மிச்சம் இல்லீங்களா சார்? ஒரு நிமிசம் இருந்தாக்கூடப் போதுமுங்க."

"இல்லீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று ஃபைல் மேல் விழுந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று அங்கப்பனுக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அதை நினைத்து உடம்பு கூசியது. இத்தனை நாள் அடக்கி வைத்த கேள்வியை இனிமேல் கேட்டால் பாதகமில்லை.

"கேஸ் போடறதா இருந்தா அதுக்கு வேற வழியும் இருக்குதுங்களே அம்மணி. இதுக்குப் போயி ஏனுங்க இத்தனை அலைச்சல்?"

"கேஸுங்களா? யாரு மேலங்க சார்?" ஹுமேரா புரியாமல் பார்த்தாள். "உங்களைப் பத்தி அவரு ஊட்டுல நல்லவிதமாத்தான் சொல்லுவாருங்க."

அங்கப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பின்ன எதுக்குங்க?"

"அவரு போனும் அன்னைக்கே நொறுங்கிப்போச்சுங்க. என்ற போன்ல வீடியோ நெறைய இருக்குது. ஆனா எல்லாத்துலயும் இவகூடக் கைஜாடையிலதான் பேசிக்கிட்டு இருக்காருங்க."

மகளை வாரி மடியில் வைத்துக்கொண்டு காதோர முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் தையல் போட்டு ஆறிய தழும்பு.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரியில இவளுக்கு ஆபரேசன் பண்ணி வெச்ச காது மிசினை ஆன் பண்றாங்க சார். மொதமொதல்ல யாரு பேச்சைக் கேக்க வெக்கலாம்னு டாக்டர் கேட்டாருங்க."

அங்கப்பன் குழந்தையின் காதோரத் தழும்பைப் பார்த்தார்.

"இவ அவங்க அத்தா குரலைக் கேட்டதே இல்லீங்க."