முதல் புகை

"மொதப் புகை அந்தாளு மூஞ்சியிலதான்!" என்றார் சில்வஸ்டர்.

கழுத்தில் ரிடையர்மெண்ட் மாலை. கையில் நேந்திரம்பழம் கனத்துக்கு ஒரு சிகார். கப்பலில் வேலை பார்க்கும் மகன் ரிஜோ, அப்பா ரிடையராகும் நாளில் பிடிக்கட்டும் என்று அனுப்பியது.

வெடிமருந்து ஃபேக்டரியில் சில்வஸ்டரோடு வேலை பார்த்த அன்பும் வேலனும் அவரை மேளதாளத்தோடு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணி வாசனை வந்த பிறகு யார்தான் எழுந்து போவார்கள்?

'அந்தாளு' என்பது சண்முகசுந்தரம். ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்து போன வருஷம் ரிடையரானவர். உள்ளே பீடி சிக்கினால் தண்டனை, தீப்பெட்டி சிக்கினால் வேலையே காலி என்பது அங்கே சட்டம். தினமும் காலையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒரு நாள் சில்வஸ்டரின் ஸ்வெட்டரில் பீடி அகப்பட்டது. ரிப்போர்ட் எழுதிவிட்டார். இன்கிரிமெண்ட் போச்சு.

அதோடு பேச்சும் போச்சு. அதற்கப்புறம் கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் சில்வஸ்டர் வானத்தைத்தான் பார்ப்பார்.

"ஒத்தப் பீடி! அணைஞ்சு போன துண்டுப் பீடி! மறந்து வெச்சுட்டேன்னு கெஞ்சினேன். ஆபீசர் பக்கத்துல நின்னாருல்ல, அவருகிட்ட நல்ல பேரு வாங்கணும்னு எழுதிட்டான். அந்தப் பணத்துல ரிஜோவுக்கு சைக்கிள் வாங்கறதா இருந்தேன் தெரியுமா?"

"அப்புறம் எதுக்குண்ணே இன்னிக்கு அவரைக் கூப்புட்டீங்க?" என்றான் அன்பு.

"புகை விடத்தான்! இனிமே எந்த கேட்டுலயும் எவனும் என்னைத் தடவ முடியாது. அவரு வர்றதுக்குள்ள இதைப் பரீட்சை பண்ணிரலாம். பாத்து, அமுக்கி, மோந்து, மார்க் போட்டு, அப்புறந்தான் பத்த வெக்கணுமாம். ரிஜோ போன்ல சொன்னான்."

சிகார் கை மாறியது. அன்பு அமுக்கிப் பார்த்தான். "நல்லாத்தான் சுத்தியிருக்கானுங்க. எங்கயும் தொளதொளன்னு இல்ல." பிறகு மோந்தான். "டீ ஃபேக்டரி வாசம் வருதுங்களே!"

"குடு இங்க," என்று வாங்கினான் வேலன். "டீயாவது காப்பியாவது! இது ஊட்டி ரேஸ் குதிரை லாயம்."

"போடா. தேவதாரு, கொக்கோ, தோலுன்னு ரிஜோ சொல்லியிருக்கான்."

"தோலுதான், யாரு இல்லேன்னா? குதிரைத் தோலு!"

"இம்மாம் பெரிய சுருட்டை எங்க முனியப்பனுக்கு வெச்சா, கேக்காத வரத்தையும் குடுப்பாரு," என்றான் அன்பு.

"சுருட்டு இல்லடா, சிகார்!"

வாசத்துக்குப் பத்துக்கு எட்டு என்று முடிவாயிற்று. சில்வஸ்டர் பாக்குவெட்டியால் முனையை நறுக்கினார். "எங்க, தீப்பெட்டி? அந்தாளு வந்ததும் பத்த வெக்கத் தயாரா இருக்கணும்."

மூன்று பேரும் பாக்கெட்டைத் தட்டினார்கள். கேட்டைத் தாண்டித் தாண்டிப் பழகிய பாக்கெட்டில் தீப்பெட்டி ஏது?

"ஜெஸிந்தா! தீப்பெட்டி கொண்டா!"

"தர மாட்டேன்!" அடுப்படியிலிருந்து மனைவியின் குரல். "நீங்க எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கறீங்கன்னுதான், கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒவ்வொரு தீப்பெட்டியிலயும் நெயில் பாலிஷ்ல சிலுவை போட்டு வெக்கிறேன். அதுல சுருட்டுப் பத்த வெச்சீங்க, ஃபாதர்கிட்டச் சொல்லிப்போடுவேன்!"

வேலன் சிரித்து முடிப்பதற்குள் கேட் திறந்தது. தலையில் மங்கி கேப், கையில் ஊட்டி வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு சண்முகசுந்தரம். இந்த வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"வாழ்த்துக்கள்ங்க, சில்வஸ்டர்."

"வாங்க, வாங்க. இப்படி எதுத்தாப்புல உக்காருங்க. தீப்பெட்டி இருக்குதுங்களா? அடடா, உங்ககிட்டப் போய்க் கேக்கறேன் பாருங்க!"

"இருக்குதுங்க," என்றார் அவர்.

அன்பும் வேலனும் வாயைப் பிளந்தார்கள். சண்முகசுந்தரம் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினார். இரண்டு குச்சி பிசுபிசுத்துப் போயின.

"இந்தக் குளிருக்கு நமுத்துப் போவுதுங்க. அரிசி டப்பாவுக்குள்ளதான் வெச்சிருந்தேன்."

அடுத்த குச்சி பற்றியது. அவரே கையால் காற்றை மறைத்து, சிகாரைப் பற்ற வைத்துவிட்டார்.

சில்வஸ்டர் கன்னம் புடைக்க இழுத்தார். தலை கிறுகிறுத்தது. இருந்தாலும் நினைத்ததை விடவில்லை. முழுப் புகையையும் நேராக அவர் முகத்தில் ஊதினார்.

சண்முகசுந்தரம் இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நகரவில்லை. "எப்படிங்க இருக்குது?"

"பத்துக்குப் பத்து! இந்த ருசி பீடியில வராதுங்க!"

"சந்தோசமுங்க," என்றார் அவர். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார். சில்வஸ்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

காப்பியோடு வந்த ஜெஸிந்தா, ஸ்டூலில் கிடந்த தீப்பெட்டியைப் பார்த்ததும் நின்றாள். எடுத்துத் திருப்பினாள். மங்கிப்போன சிவப்பில் ஒரு சிலுவை.

"ஏனுங்க, இது எங்க ஊட்டுத் தீப்பெட்டியாச்சே! உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

இரண்டாவது புகை சில்வஸ்டரின் தொண்டையிலேயே நின்றது.

சண்முகசுந்தரம் மங்கி கேப்பைச் சொறிந்தார். "இவரு நல்லபடியா ரிடையராகட்டும், அப்புறம் குடுத்துக்கலாம்னு வெச்சிருந்தேனுங்க. அன்னிக்கு ஸ்வெட்டர் பாக்கெட்டுல, பீடிக்கு அடியில இருந்துச்சு. பீடியை ஆபீசர் பாத்துட்டாருங்க. இதை நான் மட்டுந்தான் பாத்தேன்."